தோளில் சாமி இருக்கும்போது கேட்கக் கூடாது

பிள்ளைகளே, உங்கள் சரோஜா அத்தை மோர்ச் சொம்பைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாளே, அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தலை தானாகக் குனியும்.

பங்குனித் திருவிழா. காலை வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஏகாம்பரநாதர் நந்தி வாகனத்தின் மேலே இருந்தார், நாங்கள் கீழே இருந்தோம். ராஜ வீதியில் ஒரு வீட்டாரின் மண்டகப்படிப் பூசைக்காக நிறுத்தித் தண்டுகளுக்கு அடியில் தாங்குக்கட்டை வைத்திருந்தார்கள். தண்டு என்பது வாகனத்துக்கு அடியில் கோத்துக் கட்டிய இரண்டு நீள மரங்கள். கட்டை வைத்தாலும் நாங்கள் தோளை எடுப்பதில்லை. பாரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மேலே கற்பூரம் காட்டுவார்கள். கீழே எங்களுக்கு வியர்வை முழங்கை வரை வழியும்.

சரோஜா நேராக என்னிடம் வந்தாள். மோரில் பெருங்காயமும் கறிவேப்பிலையும் மணத்தன. நான் அண்ணாந்து குடித்தேன். சொம்பை வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. குனிந்து அந்தப் பக்கத் தண்டுக்குப் போனாள். அங்கே எனக்குச் சமமாக நின்றிருந்த தேவராஜனிடம் நீட்டினாள். அவர் குடித்து வாயைத் துடைக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"அண்ணா, எங்க அண்ணன் உங்களாண்ட ஒண்ணு கேக்கணும்னு முழிச்சிக்கினு இருக்குது. ஆனா கேக்காது. அது தோள்ல சாமி இருக்குதாம். என் தோள்ல இல்ல. நான் கேக்கலாமில்ல?"

எனக்குத் தண்டோடு சேர்ந்து பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அவள் கேட்க வந்தது என்ன, நான் ஏன் கேட்காமல் இருந்தேன் என்று சொல்வதானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நமக்கு யாருண்ணா இருக்காங்க?

உங்கள் அத்தை அப்போது மதராசில் பெண்கள் பாலிடெக்னிக் ஒன்றில் கட்டட வரைபடம் போடும் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் இருந்து அப்படிப் போன முதல் பெண் அவள்தான். சின்ன வயதிலேயே தறிக்கு வேண்டிய கரை டிசைன்களைக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து வரைவாள். மாங்காய் போடச் சொன்னால் காம்போடு போடுவாள். அதைப் பார்த்த பள்ளிக்கூட டீச்சர் ஒருவர்தான் மனுப்போட வைத்தார். ஸ்காலர்ஷிப் கிடைத்தது. ஆஸ்டலில் இடம் கிடைத்தது. எங்கள் அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டதால், அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் எட்டாவதோடு நின்றவன். அனுப்பிவிட்டேன்.

அந்த வருஷம் மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள் சாப்பிடாமல், நான் நெய்துகொண்டிருந்த தறிமேடை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கோடை லீவுல எல்லாரும் ஒரு இஞ்சினியர் ஆபீசுல டிரெயினிங் போவணும்ணா. சர்டிபிகேட் வாங்கினு வந்தாத்தான் மூணாவது வருஷம்."

"போயிட்டு வா."

"இடம் நாமளே பாத்துக்கணுமாம். இடம் பாத்துக்கினு வந்தா காலேஜ்ல லெட்டர் மட்டும் தருவாங்க. இல்லைன்னா ஒரு வருஷம் வீட்டுல குந்திக்கினு இருக்கணும். ஸ்காலர்ஷிப்பும் நின்னுடும்."

ஸ்காலர்ஷிப் நின்றால் படிப்பும் நின்றது என்று அர்த்தம். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"கூடப் படிக்கிறவங்களுக்கெல்லாம் கெடச்சிடுச்சு. ஒருத்திக்கு அப்பாவே இஞ்சினியரு. ஒருத்திக்குப் பெரியப்பா. இன்னொருத்திக்கு மாமா, காண்ட்ராக்டரு. நமக்கு யாருண்ணா இருக்காங்க?"

நான் ஊடை நூல் ஓட்டும் நாடாவைக் கீழே வைத்தேன். யார் இருக்கிறார்கள்? மனதுக்குள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தேன். சாயம் போடுபவர் வந்தார். தறிக்குப் பாவு நூல் ஓட்டுபவர் வந்தார். சரிகைக் கடைக் கணக்குப்பிள்ளை வந்தார். எனக்குத் தெரிந்த அத்தனை பேரும் நூலில் கட்டின மனிதர்களாகவே இருந்தார்கள். வரைபடப் பலகையைக் கண்ணால் பார்த்தவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை.

மறுநாள் நான் நெய்து கொடுக்கும் பட்டுக்கடை முதலாளியிடம் போனேன். மதராசிலிருந்து காரில் வந்து கல்யாணப் புடவை எடுக்கிறவர்களில் எத்தனையோ இஞ்சினியர்கள் இருப்பார்களே என்று ஒரு நினைப்பு.

"ஏம்பா, அந்தப் பொண்ணுக்கு மாப்பிள்ள பாருன்னு சொல்லு, பாத்துத் தரேன். பொடவை எடுக்க வர்றவங்களாண்ட போயி ஆபீசுல இடம் குடுன்னா, அடுத்த தபா அவங்க எந்தக் கடைக்குப் போவாங்க, சொல்லு?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் வருத்தப்படவில்லை.

பிறகு எங்கள் வார்டில் செல்வாக்குள்ள ஒருவரைப் போய்ப் பார்த்தேன். அவர் என் தோளில் தட்டி, "சொல்லிட்டேன்னே வெச்சுக்க" என்றார். அவர் சொன்னபடி நாங்களும் பங்குனி பிறக்கும்வரை வைத்துக்கொண்டிருந்தோம். வேறொன்றும் வரவில்லை.

உங்கள் அம்மாதான் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "மதராசுல ஒருத்தர் இருக்காரே. உங்க ஜோடி."

என் ஜோடி

ஜோடி என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. நீங்கள் யாரும் தண்டுக்கு வரவில்லை.

சாமி தூக்குகிறவர்களை நிறுத்துவதற்கு ஒரே கணக்கு, தோள் உயரம்தான். இந்தத் தண்டில் நிற்கிறவனுக்கும் அந்தத் தண்டில் அவனுக்கு நேராக நிற்கிறவனுக்கும் தோள் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே சாமி ஒரு பக்கம் சாய்வார். எங்கள் தண்டுக்குத் தலைவர் முனுசாமி மாமா. எனக்கு மீசை அரும்பிய வயதில் அவர் எங்களையெல்லாம் கோயில் மதிலோரம் வரிசையாக நிற்க வைத்து, உள்ளங்கையைத் தோளுக்குத் தோள் தடவிக்கொண்டே போனார். என் தோளிலிருந்து போன கை தேவராஜன் தோளில் ஏறாமலும் இறங்காமலும் நின்றது. "இவனுக்கு இவன்" என்றார். கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு சீக்கிரம் யாரும் ஜோடி சேர்த்ததில்லை.

தோளுக்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொள்வோம். அந்த மடிப்பில்தான் எல்லா வித்தையும் இருக்கிறது. குட்டையாக இருப்பவன் ஒரு மடிப்புக் கூட்டினால் தண்டு எட்டும். சோம்பேறி ஒரு மடிப்பைக் குறைத்துவிட்டால் தண்டு அவன் தோளைத் தொடாமலே மேலே போய்க்கொண்டிருக்கும். பாரம் முன்னே பின்னே நிற்கிறவன்மேல் விழும். அவனைத் 'தோள் ஏமாத்தறவன்' என்பார்கள். அந்தப் பெயர் ஒரு முறை வந்துவிட்டால் பேரன் காலம்வரை போகாது.

தேவராஜனைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும், ஒன்றும் தெரியாது. தோளில் எலுமிச்சங்காய் அளவுக்குக் காய்ப்பு உண்டு. மூலை திரும்பும்போது "மெதுவா, மெதுவா" என்று மூச்சுக்குள் சொல்லிக்கொள்வார். சாமி கோயிலுக்குத் திரும்பித் தன் நிலைக்குப் போகும்வரை பச்சைத் தண்ணீரும் மோரும் தவிர எதுவும் தொடமாட்டார். விபூதி வாசனையையும் தாண்டி அவர் கையில் ஒரு காட்டமான நெடி வரும். ஏதோ வலித்தைலம் என்று நினைத்திருந்தேன். கல்யாணமாகி மதராசுக்குப் போனபின்னும் திருவிழாவுக்குத் தவறாமல் வருவார். மணிக்கட்டில் கைக்கடிகாரம் கட்டிய இடம் மட்டும் வெளுப்பாக இருக்கும். 'ஏதோ இஞ்சினியர் கம்பெனியில இருக்காரு' என்று யாரோ சொல்லிக் கேட்டதுண்டு. அதற்கு மேல் தெரியாது. அவருக்கும் என்னைப் பற்றி அவ்வளவுதான் தெரிந்திருக்கும். சட்டை இல்லாமல் நிற்கும்போது யார் என்ன வேலை என்று தோன்றவே தோன்றாது.

ஒரு பழைய கதை

தண்டுக்குக் கீழே யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கக் கூடாது. இது எங்களுக்குள் கட்டுப்பாடு. எழுதி வைத்ததில்லை, ஆனால் மீறினதும் இல்லை.

முன்னொரு காலத்தில் ஒருவர் தண்டில் நிற்கும்போதே தன் ஜோடியிடம், "உன் பொண்ண என் புள்ளைக்குக் குடு" என்று கேட்டாராம். தோளில் சாமி. இல்லை என்று சொல்ல அந்த மனிதருக்கு வாய் வரவில்லை. "ஆவட்டும்" என்றுவிட்டார். வீட்டுக்குப் போய்த் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்தப் பெண்ணை ஏற்கெனவே தன் அக்கா மகனுக்கு என்று சொல்லி வைத்திருந்தார். இரண்டு குடும்பத்தின் மானமும் சந்தி சிரித்தது.

"சாமி தோள்ல இருக்கும்போது ஒருத்தன் ஆவட்டும்னு சொன்னா, அது அவன் சொன்னதில்ல, பாரம் சொன்னது. அதனாலதான் கேக்கக் கூடாது" என்பார் முனுசாமி மாமா.

என் சங்கடம் இப்போது புரிகிறதா? தேவராஜன் முதல் பஸ்ஸில் வருவார். குளத்தில் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு நேராகத் தண்டுக்கு வருவார். சாமி நிலைக்கு வந்ததும் விபூதி வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார். மதியத்துக்குள் அவர் வேலைக்குப் போக வேண்டும். என்னோடு இருக்கிற நேரமெல்லாம் அவர் தோளில் சாமி இருந்தார்.

அந்த வருஷம் அவர் இரண்டு காலை வருவதாக இருந்தது. முதல் காலை போயிற்று. சாமியை இறக்கித் துண்டைப் பிழிந்து நிமிர்ந்தேன், ஆளைக் காணவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போதே உங்கள் அம்மா கேட்டாள். "கேட்டீங்களா?"

"எறக்கினதும் போயிட்டான்."

"எங்க போயிட்டாரு? பஸ் ஸ்டாண்டுக்குத்தான? அங்க சாமி இல்ல இல்ல? ஓடிப்போயிக் கேக்கறது!"

நான் ஈரத் துண்டைக் கொடியில் போட்டேன். கட்டுப்பாடு ஒரு பாதிதான். மீதிப் பாதி கூச்சம். இத்தனை வருஷமாகச் சமமாக நின்ற மனிதனிடம் போய்க் கையேந்தினால், மறுபடி எப்படிச் சமமாக நிற்பது? எட்டாவது படித்தவனுக்கும் இந்தக் கவலையெல்லாம் வரும்.

சரோஜா ஒரு மூலையில் உட்கார்ந்து பிளேடால் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறக்கவே இல்லை. அப்போதே நான் உஷாராகி இருக்க வேண்டும்.

முனுசாமி மாமா தீர்ப்பு

இப்போது மறுபடி இரண்டாம் காலைக்கு, அந்த மோர்ச் சொம்புக்கு வருகிறேன்.

"நான் கேக்கலாமில்ல?" என்று கேட்டுவிட்டு அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கோடை டிரெயினிங், சர்டிபிகேட், ஸ்காலர்ஷிப் எல்லாவற்றையும் கடகடவென்று கொட்டிவிட்டாள். தேவராஜன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பின்வரிசையிலிருந்து முனுசாமி மாமாவின் குரல் வந்தது. "யாரும்மா அது, தண்டாண்ட வந்து வழக்கு பேசறது?"

"நான்தான் மாமா, சரோஜா."

"கேக்கக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?"

"என் தோள்ல சாமி இல்லியே மாமா."

"அவன் தோள்ல இருக்குதே! கேக்கறவன் தோளுக்கா கட்டுப்பாடு? பதில் சொல்றவன் தோளுக்குத்தான். அவன் இப்ப இல்லைன்னு சொல்ல முடியுமா? நீ கேட்டது செல்லாது."

சரோஜாவுக்கு முகம் வாடிவிட்டது. "அப்ப எப்பதான் மாமா கேக்கறது?"

"நெலைக்குப் போயி சாமிய எறக்கட்டும். அப்புறம் உங்கண்ணனே கேக்கட்டும். உங்கண்ணனுக்கு வாயில்லியா? இல்ல, அதையும் பாவுல வெச்சு நெய்ஞ்சிட்டானா?"

இரண்டு தண்டிலும் சிரிப்பு ஓடியது. மரம் அதிர்ந்ததில் மேலே இருந்த குருக்கள், "என்னப்பா கீழே?" என்று குனிந்து பார்த்தார். கட்டையை எடுத்தார்கள். நாதஸ்வரம் எழுந்தது. சரோஜா சொம்போடு ஒதுங்கி நின்றாள்.

அதன்பிறகு நிலை வரைக்கும் தேவராஜன் ஒரு வார்த்தை பேசவில்லை. கோயிலுக்குத் திரும்பும் மூலையில் வழக்கமாக வரும் "மெதுவா, மெதுவா"கூட வரவில்லை. அவர் வாய் அசைகிறதா என்று நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நடந்தேன். தார் காலைச் சுட்டது. மல்லிகையும் சாம்பிராணியும் கலந்து அடித்தன. மனதுக்குள் நான் ஒரே ஒரு வாக்கியத்தைக் கோத்துக் கோத்து அவிழ்த்தேன்.

இப்ப கேளு

சாமியை இறக்கியதும் அவர் கூட்டத்தில் மறைந்துவிட்டார். நான் துண்டைக்கூடப் பிழியவில்லை. சட்டை போடாமல், நெற்றியில் விபூதி வழிய, பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். மதராஸ் பஸ் உறுமிக்கொண்டு நின்றிருந்தது. தேவராஜன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சட்டை, கைக்கடிகாரம், வாரிவிட்ட தலை. எனக்கு வேறு யாரோ போலத் தெரிந்தது.

"வா" என்றார். "இப்ப தோள்ல ஒண்ணுமில்ல. இப்ப கேளு."

கோத்து வைத்த வாக்கியம் காணாமல் போயிற்று. "வூட்டுல எல்லாம் சௌக்கியமா?" என்றேன்.

"சௌக்கியம். கேளுப்பா, வண்டிய எடுக்கப் போறான்."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். "தேவராசு, என் தங்கச்சிக்கு உங்க கம்பெனியில ரெண்டு மாசம் கத்துக்க எடம் வேணும். எங்களுக்கு வேற யாரையும் தெரியாது."

அவர் ஜன்னல் கம்பியை விரலால் தட்டினார். பிறகு, "நீ என்னைய இன்னான்னு நெனச்சிக்கினு இருக்கே?" என்றார்.

"இஞ்சினியர் கம்பெனியில..."

"அங்க நான் ப்ளூபிரிண்ட் போடறவன்பா. அவங்க வரைஞ்சு குடுக்கற படத்த வெச்சு நகல் எடுத்துத் தர்ற ஆளு. இந்தா, மோந்து பாரு." ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். அதே காட்டமான நெடி. "அமோனியா. வருஷக்கணக்கா இதுலதான் கெடக்கறேன். எனக்கு மேல படம் வரையறவங்க, அவங்களுக்கு மேல ஒருத்தரு, அவருக்கும் மேல இஞ்சினியரு. நான் போயி நின்னா யாருன்னே கேப்பாரு."

"அப்ப வாணாம், வுடு தேவராசு. உனக்குத் தொந்தரவு."

"கேட்டப்புறம் வாணாம்னு நீ சொல்லக் கூடாது. நான் கேட்டுப் பாக்கறேன். ஆவலைன்னா அடுத்த வருஷம் தண்டாண்ட மூஞ்சத் திருப்பிக்கினு நிக்காத, அது போதும்."

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. வெற்றுடம்போடு பஸ் ஸ்டாண்டின் நடுவில் நிற்கிறேன் என்பதே அதன்பிறகுதான் எனக்கு உறைத்தது.

தேவராசு ஜோடி யாருப்பா?

திருவிழா முடிந்து கொடி இறங்கியது. சரோஜா பரீட்சை எழுதிவிட்டு ஆஸ்டலைக் காலி செய்துகொண்டு வந்துவிட்டாள். லெட்டர் கொடுக்கக் காலேஜில் வைத்திருந்த கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் பெட்டியைத் திறக்கவே இல்லை. சுருட்டிய வரைபடங்களைப் பரண்மேல் போட்டுவிட்டாள். உங்கள் அம்மா அவளுக்குத் தெரியாமல் அவற்றை எடுத்து, கரப்பான் கடிக்காமல் ஒரு பழைய வேட்டியில் சுற்றி வைத்தாள்.

ஒரு மத்தியானம். தெருமுனை டீக்கடையிலிருந்து மதராஸ் பஸ் கண்டக்டர் ஒருவர் தோள்பையோடு எங்கள் தெருவுக்குள் நடந்து வந்து, "தேவராசு ஜோடி யாருப்பா இங்க?" என்று கத்தினார்.

எங்கள் தெருவில் என் பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தால்கூட அவ்வளவு தறி நின்றிருக்காது. ஆளாளுக்கு வாசலுக்கு வந்து என் வீட்டைக் கைகாட்டினார்கள்.

"திங்கக்கெழம தங்கச்சிய அனுப்பச் சொன்னாரு. போட்ட படத்தையெல்லாம் எடுத்துக்கினு வரணுமாம். அவரு வூட்டுலயே தங்கிக்கலாமாம். வண்டிய நிறுத்திட்டு வந்திருக்கேன், வரட்டா?"

அவர் திரும்பி நடக்கும்முன் சரோஜா பரண்மேல் ஏறிவிட்டாள். "எங்க அண்ணி என் படம்? யாரு எடுத்தது?" என்று அங்கிருந்தே அலறினாள். உங்கள் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கொஞ்சம் அழுதாள் என்றும் நினைக்கிறேன்.

ரெண்டு பேருக்கும் சேத்து

இனி வருவது உங்கள் அத்தை பிறகு சொல்லி நான் தெரிந்துகொண்டது.

அந்த இஞ்சினியர் அவளை நிமிர்ந்து பார்த்து, "யாரும்மா அனுப்பினது?" என்றாராம்.

"தேவராஜன் அண்ணா."

"எந்த தேவராஜன்?" என்று யோசித்தவர், "ஓ, பிரிண்ட் ரூம் ஆளா?" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். "இத்தனை வருஷத்தில் அந்த ஆள் இந்த அறைக்குள் வந்து ஒன்று கேட்டது இதுதான் முதல் தடவை. உட்காரும்மா, படத்தைக் காட்டு."

இதை அவள் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டாள். தேவராஜன் வீட்டில்தான் விஷயம் வேறு மாதிரி இருந்தது. அவர் மனைவி கமலா சோற்றுத் தட்டை நங்கென்று வைப்பாள். 'வா' என்பது இல்லை, 'போ' என்பது இல்லை. சரோஜா பாத்திரம் தேய்த்துக் கொடுத்தாள், தண்ணீர் பிடித்து வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

ஒருநாள் குழாயடியில் கமலாவே வாயைத் திறந்தாள்.

"என் தம்பி ஒருத்தன் சும்மா குந்திக்கினு இருக்கான், தெரியுமா? அந்த ஆபீசுல ஒரு பியூன் வேல கேளுங்க, கேளுங்கன்னு வருசமா சொல்லிக்கினு இருந்தேன். திருவிழா முடிஞ்சு வந்ததும் கேக்கறேன்னாரு. அடிக்கடி கேக்க முடியாது, ஒரு தபாதான் கேக்க முடியும், நேரம் பாத்துக் கேக்கணும்னாரு. பாத்துப் பாத்து உனக்குக் கேட்டுட்டு வந்து நிக்கறாரு."

சரோஜாவுக்குக் குடத்தைத் தூக்கக் கை வரவில்லை. "எங்களுக்குத் தெரியாதுக்கா. நான் போயிடறேன்" என்றாள்.

"போயிட்டா? கேட்டது திரும்பி வந்துடுமா?" கமலா குடத்தை எடுத்து அவள் இடுப்பில் வைத்தாள். "அவனுக்கு ஆவ வேண்டியது உனக்கு ஆச்சு. நீயாச்சும் ஒழுங்காக் கத்துக்க. ரெண்டு பேருக்கும் சேத்துக் கத்துக்க."

அன்று இரவிலிருந்து தட்டு சத்தமில்லாமல் வந்தது.

முதல் மாதம் முழுக்க அவளைப் படிக்கட்டு மட்டுமே வரைய விட்டார்களாம். கடைசியில் யாரோ ஒருவருடைய வீட்டுக்குச் சமையலறை ஜன்னல் போட்டாள். அதைத் தேவராஜன் நகல் எடுத்து, ஓரத்தில் அவள் பெயரெழுத்து தெரிகிற மாதிரி மடித்துக் கமலாவிடம் காட்டினாராம். சர்டிபிகேட் வந்தது. ஸ்காலர்ஷிப் நிற்கவில்லை. கமலாவின் தம்பிக்கும் அடுத்த வருஷம் ஒரு சைக்கிள் கடையில் வேலை கிடைத்தது என்று கேட்டபிறகுதான் உங்கள் அத்தை அவர்கள் வீட்டுக்கு மறுபடி தலைநிமிர்ந்து போனாள்.

ஒரு மடிப்பு

எனக்குத்தான் மனது ஆறவில்லை. ஆடியில் ஒரு முறை மதராசுக்குப் பூசணியும் முறுக்குமாகத் தூக்கிக்கொண்டு போனேன். தேவராஜன் முறுக்கில் ஒன்றைக் கடித்துவிட்டு, "நல்லா இருக்குது. உப்பு ஒரு கல்லு தூக்கல்" என்றார். நன்றி என்கிற பேச்சையே எடுக்கவிடவில்லை.

பங்குனி மறுபடி வந்தது. உங்கள் அம்மாவிடம் புலம்பினேன்.

"கையில குடுத்தா வாங்க மாட்டாரு. அவரு பாரத்துல கொஞ்சமாச்சும் நீங்க வாங்கிக்கங்களேன்" என்றாள்.

எனக்குச் சுரீரென்று வழி தெரிந்தது. மடிப்பைக் குறைப்பவன் பாரத்தைத் தள்ளுகிறான் என்றால், கூட்டுபவன் பாரத்தை வாங்குகிறான். அன்று காலை என் துண்டை ஒரு மடிப்புக் கூட மடித்துத் தோளில் போட்டுக்கொண்டேன். யாருக்கும் சொல்லவில்லை. சாமி எழுந்தார். தண்டு வழக்கத்தைவிட ஆழமாகத் தோளில் இறங்கியது. வலித்தது. அந்த வலி எனக்குப் பிடித்திருந்தது. தேவராசு, இன்றைக்கு நீ சும்மா நட என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மூலைகூட வரவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு குரல் வந்தது.

"யேய், இன்னா பண்ணி வெச்சிருக்கே?"

"ஒண்ணுமில்லியே."

"துண்டுல எத்தினி மடிப்பு?"

நான் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. என் பக்கம் உயர்ந்ததில் வாகனத்தின் பாரம் முழுக்க அவர் பக்கம் சரிந்திருந்தது. இதை ஒரு குழந்தைகூடச் சொல்லும். முன்னால் பின்னால் நிற்கிறவர்களை மட்டும் கணக்கில் வைத்தேனே தவிர, எதிரில் நிற்கிறவரை மறந்துவிட்டேன்.

"அந்த மடிப்ப எடு" என்றார் தேவராஜன். "சாமி சாயுது."

பின்னாலிருந்து முனுசாமி மாமாவும் கத்தினார். "யாருடா அங்க தோளத் தூக்கறது? எறங்குடா!"

அடுத்த மண்டகப்படியில் கட்டை வைத்ததும் துண்டை எடுத்து உதறி, பழையபடி மடித்துப் போட்டுக்கொண்டேன். தேவராஜன் எட்டிப் பார்த்துச் சரி என்று தலையாட்டினார். கட்டையை எடுத்தார்கள். தண்டு இரண்டு தோளிலும் ஒன்றாக இறங்கியது.

மூலை வந்தது. "மெதுவா, மெதுவா" என்றார்.